வெள்ளைத் தரையும் ஒண்ணுக்குக் குழாயும்

நான் வேலை பார்க்கிற இடத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். திருமழிசை தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனிக்கும் மறுபக்கம் யாரும் இன்னும் பிளாட் போடாமல் விட்டுவைத்திருக்கிற ஒரு துண்டு வயலுக்கும் நடுவில் நிற்கிற தகர ஷெட் அது. அங்கே சின்ன விமானங்களின் எஞ்சின்களைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி கூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புகிறோம். விமானம் என்றதும் துபாய்க்குப் போகிற விமானம் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர் உட்காரக்கூடிய, பயிற்சிப் பள்ளிகள் வைத்திருக்கிற குட்டி விமானம். அது முழுசாக எங்களிடம் வராது. ஓடுபாதைக்குத் திருமழிசையில் இடமில்லை, இருந்திருந்தால் அதையும் கூறு போட்டு விற்றிருப்பார்கள். எஞ்சின் மட்டும் குட்டியானை வண்டியில் வரும், குட்டியானையிலேயே திரும்பிப் போகும்.

செருப்பைக் கழற்றுவது தரைக்காக. எங்கள் முதலாளி ஒருமுறை வெளிநாடு போயிருந்தபோது ஒரு எஞ்சின் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நல்ல கருவிகள் இருந்திருக்கும், நல்ல வெளிச்சம் இருந்திருக்கும், ஆட்கள் நிதானமாக வேலை செய்திருப்பார்கள். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. தரை பட்டது. பால் வெள்ளைத் தரை. திரும்பி வந்த கையோடு எங்கள் ஷெட்டுக்கும் வெள்ளைப் பூச்சு பூசி, சுவர்களுக்கும் வெள்ளைத் தகடு அடித்தார். அன்றிலிருந்து மெக்கானிக்குகள் எல்லோரும் காலுறையோடு நடமாடுகிறார்கள். இரும்புச் சாமான் காலில் விழுந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒழுக்கம் என்றார். வருகிறவர்களிடமெல்லாம் இந்தத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லுவார். நாங்கள் சாப்பிட்டதில்லை, சாப்பிட்டால் தரை அழுக்காகிவிடும்.

அந்த ஷெட்டில் எனக்கு வேலை கடைசியில் கையெழுத்துப் போடுவது. அதற்கான உரிமம் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு எஞ்சின் பறக்கத் தகுதியானது என்று நான் சொல்லாமல் அது வாசலைத் தாண்டாது. இதனால் எனக்கு அங்கே மரியாதை அதிகம், பிரியம் குறைவு. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆவடி குவார்ட்டர்ஸில் அண்ணன்மார் கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் இது எனக்குப் பெரிதாக உறைப்பதில்லை.

எண்ணெய் ஒழுகல் என்பது தரையில் இருக்கிறவர்களுக்கு விளையாட்டு. என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் திருமுல்லைவாயில் வீட்டு வாசலில் வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஒரு அட்டையைப் போட்டிருக்கிறார். அட்டை ஊறிப்போனால் வேறு அட்டை மாற்றுவார், அதற்குப் பராமரிப்பு என்று பெயர். வண்டி வழியில் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் தள்ளுவதற்கு ஆள் கிடையாது. எண்ணெய் போய்விட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி, சூடேறி, இறுகி, அப்படியே நின்றுபோகும். அதனால் ஒரு சொட்டு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. முன்னால் சுற்றுகிற புரொபெல்லர் காற்றை அடித்துத் தள்ளும்போது எண்ணெயும் அதனோடு பின்னால் ஓடி, எஞ்சின் முழுக்க அப்பிக்கொள்ளும். எண்ணெய் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது, ஓட்டை இருக்கிற இடம் சுத்தமாக இருக்கும்.

எங்கள் மேஸ்திரிக்கு இந்த மண்டை உடைப்பெல்லாம் பிடிக்காது. ஷெட் நிற்கிற நிலம் ஒரு காலத்தில் அவருடைய பெரியப்பாவுடையது. அதனால் முதலாளிக்கே வாடகைக்கு விட்டவர் மாதிரிதான் நடப்பார். எஞ்சின் எங்கே ஈரமாக இருந்தாலும் அவரிடம் இரண்டு வைத்தியம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் அது வேர்வை, விட்டுவிடலாம். அதிகமாக இருந்தால் சிலிகான் பசை, பல்லுக்குப் பேஸ்ட் பிதுக்குவதுபோலப் பிதுக்கி அப்பிவிடலாம். அப்பின பசை உள்ளே பிய்ந்து விழுந்து எண்ணெய் போகிற வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று நான் பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் அதே இடத்தில் பசை இருக்கும்.

பெயர் வைப்பதிலும் அவர்தான் எங்களுக்குத் தலைவர். புரொபெல்லர் மாட்டுகிற தண்டு எஞ்சினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது மூக்கு சீல். எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து கீழே இறங்குகிற ஒரு மெல்லிய அலுமினியக் குழாய் உண்டு. எஞ்சின் ஓடும்போது அதன் வாயில் கொஞ்சம் புகை வரும், ஓடி நின்றபிறகு நாலைந்து சொட்டு எண்ணெய் சொட்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ஒண்ணுக்குக் குழாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், நானும் அப்படித்தான் சொன்னேன். முதலாளிகூட விருந்தாளிகள் இல்லாத நேரத்தில் அப்படியே சொல்லுவார்.

அந்தக் குழாய் சொட்டுவது இயல்பு. உலகத்தில் இந்த வகை எஞ்சின் எங்கே இருந்தாலும் சொட்டும், பறக்கிற விமானத்தின் வயிற்றில் கறுப்புக் கோடாக இழுக்கும். ஆனால் எங்கள் தரை வெள்ளை. முதலாளியால் அந்தச் சொட்டுகளைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவரே யோசித்து, ஒரு பிளாஸ்டிக் கேனை வாங்கி, மூடியில் துளை போட்டு, ஒரு ஹோஸ் சொருகி, அதைக் குழாயின் வாயில் கிளிப் போட்டு இறுக்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் தொங்குமே, அதே ஏற்பாடு. வருகிறவர்களுக்குத் தரையைக் காட்டி முடித்ததும் இதையும் காட்டுவார். நான் அந்தக் கேனின் தோளில் காற்றுப் போக ஒரு ஓட்டை போடச் சொன்னேன். போட்டார்கள், நானே பார்த்தேன். அதோடு அந்த விஷயத்தை மறந்தேன்.

இந்த நேரத்தில்தான் அந்த எஞ்சின் வந்தது. அது என் அக்கா மகள் படிக்கிற விமானப் பள்ளியின் எஞ்சின். அக்கா வீட்டுக்காரர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் பெண்பிள்ளைகள் டாக்டருக்குப் படித்தார்கள், கம்ப்யூட்டர் படித்தார்கள். இவள் மட்டும் விமானம் ஓட்டப் போகிறேன் என்று நின்றாள். சித்தியைப் பார்த்துக் கெட்டுப்போனாள் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள். பள்ளியில் இருக்கிற விமானங்களே கொஞ்சம், அதில் இவளுடைய வகுப்புக்கு ஒதுக்கின விமானத்தின் எஞ்சின்தான் எங்கள் ஷெட்டில், எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் பார்க்கிற ஸ்டாண்டில் ஏறியிருந்தது. அது திரும்பிப் போனால்தான் இவள் மிச்சமிருக்கிற மணிக்கணக்கைப் பறந்து முடிக்க முடியும். முடிக்காவிட்டால் எழுதித் தேறின பரீட்சைகள் காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எப்படி இருக்கிறாய் சித்தி என்று என்னைக் கேட்க மாட்டாள், எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.

எஞ்சினைக் கூட்டி முடித்து, மேஸ்திரி வழக்கம்போல அங்கங்கே சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஓட்டினோம். அழகாக ஓடியது. நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனால் முன்பக்கம் முழுக்க எண்ணெய்.

"மேடம், மூக்கு ஒழுவுது. சளி புட்ச்சிகினு கீது," என்றார் மேஸ்திரி.

சீலை மாற்றினோம். ஒழுகியது. சீல் கம்பெனியைத் திட்டிவிட்டு வேறு கம்பெனி சீல் வாங்கிப் போட்டோம். அதுவும் ஒழுகியது. மேஸ்திரி சிலிகானோடு வந்தார், நான் அவர் கையிலிருந்து டியூபைப் பிடுங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். முதலாளி இது கண் திருஷ்டி என்று முடிவுக்கு வந்தார். திருஷ்டி பட்டது பக்கத்து பிளாஸ்டிக் மூடிக் கம்பெனிக்காரர்களுடையது என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை, அவர்கள் தரை இன்னும் சிமெண்ட் தரைதான். பூசணிக்காய் வந்தது. எங்கள் தரையில் உடைத்தால் குங்குமக் கறை போகாது என்று அதை அவர்கள் வாசலில் கொண்டுபோய் உடைத்தார்கள். திருஷ்டி போனதா தெரியாது, பக்கத்து வீட்டு உறவு போய்விட்டது.

எனக்கு இதில் பெரிய இடைஞ்சல் திருஷ்டி இல்லை, துடைப்புத் துணி. எஞ்சின் நின்ற அடுத்த நிமிஷம், நான் கிட்டே போவதற்குள், மேஸ்திரி அதைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார். எண்ணெய் தரையில் சொட்டிவிடக் கூடாதாம். எங்கிருந்து ஆரம்பித்தது, எந்தப் பக்கம் ஓடியது, எதுவும் மிஞ்சாது. உடம்பில் தடிப்பு இருக்கிற பிள்ளைக்குப் பவுடர் அப்பி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. துடைக்காதீர்கள் என்று கத்தினேன். துடைக்கச் சொல்லி முதலாளி கத்தினார். மேஸ்திரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சம்பளம் தருகிறவர் பக்கம் சாய்ந்தார்.

ஒருநாள் காலையில் முதலாளி வருவதற்கு முன்னால், பூந்தமல்லியில் வாங்கின முகப்பவுடர் டப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். எஞ்சினைப் பெட்ரோல் விட்டுச் சுத்தமாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, மூக்கிலிருந்து வால்வரை பவுடரைத் தூவினேன். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, உலகம் முழுக்கச் செய்கிறதுதான். காய்ந்த பவுடரில் எண்ணெய் முதலில் எங்கே தொடுகிறதோ அங்கே நனைந்து கோடு விழும். மணப்பெண் மாதிரி வாசனையோடு நின்ற எஞ்சினைப் பார்த்ததும் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. தரையெல்லாம் பவுடர் கொட்டிவிட்டதே என்றார். வெள்ளைத் தரையில் வெள்ளைப் பவுடர் தெரியாது சார் என்றேன்.

கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி நிறுத்தினோம். துணியோடு வந்த மேஸ்திரியை நான் கை நீட்டித் தடுத்தேன். பவுடர் உண்மையைச் சொல்லியது. எஞ்சின் உடம்பின் இணைப்பு காய்ந்திருந்தது. சிலிண்டர்களின் மூடிகள் காய்ந்திருந்தன. எண்ணெய் அந்தத் தண்டைச் சுற்றி, வளையத்தின் உதட்டிலிருந்து நாலாபக்கமும் சமமாக வெளியே வந்திருந்தது. வளையம் ஒரு பக்கம் கிழிந்தோ கோணலாக உட்கார்ந்தோ இருந்தால் ஒரு பக்கமாகத்தான் வரும். இது உள்ளேயிருந்து யாரோ ஊதித் தள்ளின மாதிரி இருந்தது. எஞ்சினின் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால்தான் அப்படி வரும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் ஏறலாம் என்று அதையும் சோதித்தேன். எல்லாச் சிலிண்டரும் நன்றாக இருந்தன. அதற்குமேல் எனக்குப் புரியவில்லை, பயமாக இருந்தது.

பயம் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். ரயிலில் போகும்போது, சோறு வடிக்கும்போது, அந்த வளையம் பிதுங்கி எண்ணெய் முழுக்க முன் கண்ணாடியில் அடிப்பதும், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் அக்கா மகள் தனியாக உட்கார்ந்திருப்பதும் வந்து வந்து போனது. அவளோ, கொஞ்சம் ஒழுகினால் என்ன சித்தி, பறக்கிறதுக்கு முன்னால் நாங்கள் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறோம், நீ கையெழுத்துப் போடு என்றாள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவள் அம்மாவிடம் சொல்ல, அக்கா என்னைக் கூப்பிட்டு, உன்னாலே ஆனதைச் செய்யாமல் பிள்ளை வாழ்க்கையை ஏன் கெடுக்கிறாய் என்றாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அந்த எஞ்சினுக்குப் பின்னால் உட்காரவைக்கப் பார்த்தார்கள். முதலாளியும் நல்ல நாள் பார்த்து குட்டியானைக்குச் சொல்லிவிட்டார்.

எல்லா எஞ்சினும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம் என்று முதலாளி என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"உங்க அக்கா பொண்ணு ஓட்டுற பிளேனுன்னுதானே மேடம் இவ்ளோ பாக்கறீங்க?"

"ஆமா சார். மத்தவங்க பொண்ணுங்களுக்கு நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன்," என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். அவருக்குக் கஷ்டம் வந்தால் பார்ப்பதற்கு அந்தத் தரை எப்போதும் இருக்கிறது.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அன்றைக்கு முன்பக்கம் நிற்காமல், ஸ்டாண்டின் பின்னால், வெள்ளைத் தகடு அடித்த சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். எஞ்சின் சத்தம் ஏறியபோது என் காலருகே டொக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். முதலாளியின் கேன். மேஸ்திரி எப்போதோ இடித்துவிட்டதில் அதன் ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். இப்போது ஒடுக்கு இல்லை. தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருக்கிற பிள்ளையின் கன்னம் மாதிரி உப்பலாக இருந்தது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று வந்தது. நான் போடச் சொன்ன ஓட்டையைத் தேடினேன். அதன்மேல் சிலிகான் பசை, காய்ந்து கெட்டியாக. அந்த ஓட்டை வழியாக எண்ணெய்ப் புகை வந்து வெள்ளைத் தகட்டில் மஞ்சளாகப் படிந்ததாம், இந்த எஞ்சின் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அடைத்திருக்கிறார்கள்.

அப்படியும் ஒரு சந்தேகம் எனக்கு. இந்த எஞ்சினைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. எங்கள் ஸ்டாண்டில் ஏறுகிற எஞ்சினுக்கெல்லாம் மாட்டுவது பழைய விமானம் ஒன்றிலிருந்து எடுத்த நிஜக் குழாய். அதன் வாய் எப்படியாவது அடைத்துக்கொண்டால் மாற்று வழி இருக்கட்டும் என்று மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் விட்டிருப்பார்கள். அந்தக் கீறலைத் தேடிக் கையால் தடவினேன். கீறல் இருக்க வேண்டிய இடத்தில் அகலமாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. நகத்தால் சுரண்டினேன்.

"மேடம், பொட்ட அழிக்காதீங்க," என்று மேஸ்திரி ஓடி வந்தார்.

பொட்டுக்கு அடியில் கறுப்பு டேப். இரண்டு சுற்று, நல்ல இறுக்கமாக.

யார் ஒட்டினது என்று கேட்டேன். மேஸ்திரி ஒளிக்கவில்லை. "அதுலேர்ந்தும் பொகை வந்து தகட்டுல பட்ச்சி மேடம். மொதலாளிதான் ஒட்டச் சொன்னாரு. டேப்பு அசிங்கமா கீதேன்னு நான்தான் மேல பொட்டு வெச்சேன்."

அங்கேயே அந்த வெள்ளைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிஸ்டன் ஓடும்போது கொஞ்சம் புகை எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போகிற ஒரே வழி அந்தக் குழாய். அது எஞ்சினின் மூச்சுக் குழாய். அதன் வாயைக் கேனால் பொத்தி, கேனின் ஓட்டையைப் பசையால் பொத்தி, கீறலை டேப்பால் பொத்தி, அதன்மேல் பொட்டும் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். போக வழியில்லாத காற்று, இருப்பதிலேயே இளகின இடமான மூக்கு வளையத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மூச்சை அடைத்தால் மூக்கு ஒழுகாமல் என்ன செய்யும். நாங்கள் மாற்றின சீல்கள் அத்தனையும் நல்ல சீல்கள், குப்பைத் தொட்டியில் கிடந்தன.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் அந்தப் பெயரால் வந்தது. ஒண்ணுக்குப் போகிற குழாய் என்று சொன்னால் அதற்குக் கீழே பாத்திரம் கட்டத்தான் யாருக்கும் தோன்றும். மூச்சு விடுகிற குழாய் என்று சொல்லியிருந்தால் முதலாளிகூட யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

கேனைக் கழற்றி, டேப்பைப் பிய்த்து, புது சீல் போட்டு, பவுடர் தூவி ஓட்டினோம். மூக்கு காய்ந்தே இருந்தது. நெடுநேரம் ஓட்டியும் காய்ந்தே இருந்தது. நிறுத்தினபிறகு குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் நீண்டு, யோசித்து, வெள்ளைத் தரையில் விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதலாளி முகம் சுருங்கிவிட்டது. அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். தட்டு பார்க்க நன்றாக இருக்காது, கேன் அடிப்படையில் நல்ல யோசனைதான், கொஞ்சம் மேம்படுத்த வேண்டும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். எஞ்சின் மாலை போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, குட்டியானையில் கிளம்பியது.

அடுத்து வந்த நாட்களில் அக்கா மகளின் போன் வருவது குறைந்தது. எஞ்சினை விமானத்தில் மாட்டிவிட்டார்கள், தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள், பயிற்சியாளர் ஒரு சுற்று பறந்தும் பார்த்துவிட்டார் என்று அக்கா மூலமாகத் தெரிந்தது. பிறகு ஒரு காலையில் நான் பஸ்ஸில் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள். இன்றைக்கு நெடுந்தூரம் தனியாகப் போகிறாளாம். குரலில் அப்படி ஒரு துள்ளல். சண்டையெல்லாம் மறந்திருந்தாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, என் முதலாளிக்கும் சொல்லச் சொன்னாள்.

"அவருக்கு எதுக்குடி?"

"அந்த கேன் செட்டுக்குத்தான் சித்தி. எஞ்சினோட வெச்சு அனுப்பியிருந்தாரே. பிளேன் வயிறு இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. பறந்து வந்து தொடைக்கிற வேலையே இல்ல."

என்னென்ன வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். முதலாளி மேம்படுத்திவிட்டார். சின்னதாக, அழகாக, இறுக்கமான மூடியோடு ஒரு கேன், கிளிப்புகள், கூடவே ஒரு சுருள் கறுப்பு டேப், அதை எங்கே சுற்ற வேண்டும் என்று ஒரு படம், எல்லாம் எஞ்சினோடு அன்பளிப்பாகப் போயிருக்கிறது. என் கையெழுத்தோடு போயிருக்கிறது. விமானத்தைத் துடைப்பது மாணவர்கள் வேலை, அதனால் அவர்கள் ஆசையாக மாட்டியிருக்கிறார்கள்.

விமானத்தில் ஏறாதே, உங்கள் என்ஜினியரிடம் போனைக் கொடு என்றேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அவர் போனை வாங்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓ, அந்த ஒண்ணுக்குக் குழாயைச் சொல்றீங்களா மேடம் என்றார். எங்கள் மேஸ்திரியின் புகழ் அங்கேவரை போயிருந்தது. அது ஒண்ணுக்குக் குழாய் இல்லை, மூச்சுக் குழாய், கழற்றிவிட்டு மூக்கைப் பாருங்கள் என்றேன். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. போனில் ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பேசினாள், துள்ளல் இல்லாத குரலில்.

"சித்தி, மூக்கு ஈரமா இருக்கு."

அன்றைக்கு முதலாளியிடம் நான் பேசினதை அச்சில் போட முடியாது. அவர் கெட்டவர் இல்லை. மனசார ஒரு நல்லது செய்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, இதுவரை அந்தப் பள்ளிக்கு மட்டும்தான், தீபாவளிக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் ஸ்வீட் பெட்டியோடு கொடுக்கலாம் என்று ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்றார். ஆர்டரை அவர் ரத்து செய்கிற வரை அவர் மேஜைக்கு எதிரே, செருப்புக் காலோடு நின்றேன்.

அங்கே அவர்கள் சீலை மாற்றி, ஓட்டிப் பார்த்து, காய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, சில நாட்கள் கழித்து அவளை அனுப்பினார்கள். அன்றைக்கு நான் ஒரு வேலையும் செய்யவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி இரண்டு தரம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்துடும் மேடம், எங்க பூடப்போது என்றார். சாயங்காலம் ஒரு படம் வந்தது. அதில் அவள் முகம் இல்லை. இறங்கின விமானத்தின் வயிறு, முன்னாலிருந்து பின்னால்வரை கறுப்பாக எண்ணெய் இழுத்த கோடு. கீழே, இதை இப்போது நான்தான் துடைக்க வேண்டுமா என்று எழுதியிருந்தாள்.

அந்தப் படத்தை என் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன். மறுநாள் முதலாளி அதை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இவ்வளவு அழுக்காக ஒரு படத்தை ஏன் மேடம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க பொண்ணு பத்திரமா எறங்கின போட்டோ சார் அது," என்றேன்.